புளி போட்டுத் தேய்த்த கொக்கி

பேகம்பூர், திண்டுக்கல்
4-8-2024

அன்பு மகள் பாஸிலாவுக்கு அத்தா இஷாக் சொல்லும் ஸலாம். நானும் உன் அம்மாவும் அல்லாஹ் புண்ணியத்தில் நல்லா இருக்கோம். ராஞ்சித் தண்ணி உனக்கு ஒத்துக்கொண்டதா? முடி கொட்டுது என்றாயே, நின்றதா?

கையில் போனை வைத்துக்கொண்டு அத்தா ஏன் கடுதாசி எழுதுறார் என்று நினைப்பாய். போன வெள்ளிக்கிழமை ஒரு கூத்து நடந்துபோச்சு. உனக்கு அனுப்புவதாக நினைத்து, "பாஸிலா, உங்கம்மா வச்ச மீன் குழம்புல உப்பைக் கொட்டிட்டா, கடல்ல முங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு, பண்டாரி வீட்டுச் சோறுன்னு வெளியே சொல்லிராதே" என்று பேசி, நம்ம தெரு குரூப்பில் போட்டுவிட்டேன். ஜும்மா முடிந்து வெளியே வந்தால் ஒருத்தன் விடாமல், "என்ன பண்டாரி, தாகமா இருக்கா?" என்கிறான். பட்டறை நியாஸ் ஒரு குடம் தண்ணியோடு வாசலில் நிற்கிறான். உங்கம்மா அதிலிருந்து எனக்கு உப்பில்லாத சோறுதான் போடுகிறாள். கல்யாணத்துக்குக் கல்யாணம் நான் ஊருக்கே பிரியாணி ஆக்கிப் போடுகிறேன், என் தட்டில் வெஞ்சனம்கூட இல்லை.

ஆகவே போனில் பேசி அனுப்புகிற அந்தப் பொத்தானை இனி நம்புவதில்லை. அதுவும் போக, போனில் "சாப்டியா", "சாப்டேன்" என்பதைத் தாண்டி நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சு நகருவதில்லை. எழுதினால் நாலு வார்த்தை கூட வருது.

மகள் என்ன படிக்குது என்று கேட்கிறவங்களிடம் "இரும்பு டாக்டர்" என்று சொல்லி வைத்திருக்கேன். "அப்ப சத்து மாத்திரை எழுதித் தருமா?" என்று கேட்டான் நியாஸ். நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன், எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை எழுது.

சீசன் வருது. பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாவை இறக்கி, தூக்குகிற கொக்கி நாலுக்கும் வழக்கம்போல வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டேன். புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. உன் ரஃபி மாமா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னான். தேக்சாவைத் தூக்கும்போது அனல் அடிக்கிற அந்த மூலைக்கு வேற எவனும் வர மாட்டான், அவன்தான் இன்னமும் நிற்கிறான்.

உனக்காக துஆ கேட்கும்
அத்தா

*

ராஞ்சி
17-8-2024

அன்புள்ள அத்தாவுக்கு, பாஸிலாவின் ஸலாம். நான் சுகம். முடி கொட்டுவது நிற்கவில்லை, கொட்ட இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதே ஆறுதல். உங்கள் முட்டி வலி எப்படி? அம்மா உப்பு போட ஆரம்பித்தார்களா?

கடிதம் நல்ல யோசனை. எங்கள் லேப் தரைக்குக் கீழே இருக்கிறது, போனில் சிக்னல் கோடே வராது.

நான் செய்வது இதுதான். விரல் தடிமன் இரும்புத் துண்டை ஒரு மெஷினில் மாட்டுவோம். மெஷின் அதை இழுக்கும், விடும், இழுக்கும், விடும். ஒரே இழுப்பில் அதை உடைக்கிற பலம் கிடையாது, அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப இழுத்தால் எங்கோ மயிரிழை அளவு ஒரு கீறல் விழும். ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளரும். ஒருநாள் பட்டென்று போய்விடும். இரும்புக்கும் அலுப்பு உண்டு அத்தா. எத்தனை இழுப்பு வரை அதை நம்பலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் என் படிப்பு.

என் கணக்கு இதுவரை ஓரளவு சரியாக வருகிறது. ஒரு துண்டு மட்டும் ரொம்ப சீக்கிரம் உடைந்து மானத்தை வாங்கியது. துண்டுகளை மாட்டுகிறவர் கிளெமென்ட் அண்ணன், இந்த ஊர்க்காரர். அவர் கோணலாக மாட்டியிருப்பார், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார் என் கைடு சார். நானும் 'மாட்டியதில் தவறு' என்று எழுதி ஒதுக்கிவிட்டேன்.

மாமாவுக்கு என் ஸலாம். நான் கிளம்பிய அன்று என் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலோடு ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கள்
பாஸிலா

*

பேகம்பூர்
12-9-2024

அன்பு மகளுக்கு அத்தாவின் ஸலாம். உன் கடுதாசி கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் இருக்கோம். சுகம் என்று எழுதத்தான் வந்தேன், உங்கம்மா பக்கத்தில் நிற்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் பெரிய தேக்சா கவிழ்ந்துபோச்சு.

நம்ம ஆளுங்க கல்யாணம் வைக்காத ஸஃபர் மாசம் கழியட்டும் என்று காத்திருந்து வைத்த கல்யாணம். தம் போட்டு முடிந்தது, அடுப்பிலிருந்து இறக்கணும். கொக்கிகளுக்கு அடியில் ரெண்டு கம்பைக் கொடுத்து நாலு பேரும் பிடித்தார்கள். நான் "பிஸ்மில்லா" சொன்னேன், தூக்கினார்கள். அடுப்பை விட்டு நகர்ந்திருக்கும், ரஃபி மூலை சட்டென்று இறங்கியது. அத்தனையும் மண்ணில். கொக்கி ஒன்று தனியாகத் தெறித்து, உருண்டு, மாப்பிள்ளையின் பெரியத்தா செருப்பில் போய் முட்டி நின்றது.

அவர் அதைக் கையில் எடுத்து, எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன பண்டாரி, ஓட்டைப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"பாத்திரத்துல ஒண்ணும் இல்ல பாய். ரஃபி கைய விட்டுட்டான்" என்றேன். அதுதான் நடந்தது. அவன் கையை விட்டான், தேக்சா தரையில் மோதியது, மோதிய வேகத்தில் கொக்கி உடைந்தது.

அப்புறம் ஊரில் உள்ள ஹோட்டல் எல்லாம் ஓடி, இருந்த பிரியாணியை வாங்கிப் பந்தியைச் சமாளித்தோம். அன்றைக்கு மத்தியானம் திண்டுக்கல்லில் பிரியாணி கிடைக்காமல் திரும்பின வெளியூர்க்காரன் யாராவது இருந்தால், அவன் சாபமும் எனக்குத்தான்.

அந்தக் கொக்கியைப் பார்சலில் அனுப்பியிருக்கேன். படித்தவங்க இருக்கிற இடத்துக்குப் போகுது, அழுக்கோடு அனுப்பினால் நல்லாவா இருக்கும்? புளியும் செங்கல் பொடியும் போட்டு, உடைந்த இடம் வரைக்கும் நானே உட்கார்ந்து தேய்த்தேன். முகம் பார்க்கலாம். இரும்பில் குறை இல்லை, கீழே விழுந்ததால்தான் உடைந்தது என்று உங்க ஆபீஸ் தாளில் ரெண்டு வரி எழுதி அனுப்பு. கண்ணாடி போட்டு மாட்டிவிடுகிறேன், எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

அத்தா

*

பேகம்பூர்
14-9-2024

பாஸிலா கண்ணு, அம்மா மெஹராஜ் எழுதுறேன். நல்லா சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

உங்க அத்தா பக்கம் பக்கமா எழுதினாரே, உன் மாமா காலைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினாரா? கணுக்காலுக்குக் கீழே வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு வீட்டுல கெடக்கான். அத்தா எட்டிக்கூடப் பார்க்கல. தெருவுல பயலுக அவனைக் கைவிட்ட ரஃபின்னு கூப்பிடுறானுக. பண்டாரியே சொந்த மச்சினனை அப்படிச் சொல்லிட்டாரு, இனி எந்தச் சமையலுக்கு எவன் கூப்பிடுவான்?

இன்னொண்ணும் சொல்லிடுறேன். பக்ரீத் கழிஞ்சு ஒரு கல்யாணம் ஆச்சுல்ல. அன்னைக்குத் தேக்சாவைத் தூக்கி வச்சதும் ரஃபி சொன்னான்: "மச்சான், தூக்குறப்ப முனங்குது. கேளுங்க." அதுக்கு உங்க அத்தா, "முனங்குறது தேக்சா இல்ல மாப்ளே, உன் முதுகு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சானுக. நானும் பக்கத்துல பூண்டு உரிச்சிக்கிட்டு இருந்தேன், நானும்தான் சிரிச்சேன்.

கேட்டா என் தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான். "மச்சான் பேரு போயிரும்க்கா" அப்படிங்கிறான்.

இதை நான் எழுதினேன்னு அத்தாகிட்ட காட்டிக்காதே.

அம்மா

*

ராஞ்சி
25-9-2024

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். நான் சுகம். முட்டி வலியோடு நின்று நின்று வேலை பார்க்காதீர்கள்.

பார்சலைப் பிரித்ததும் லேபே சிரித்தது. "இதைத் தேய்த்தவர் பெரிய உழைப்பாளி" என்றார் கிளெமென்ட் அண்ணன். நானும் சிரித்தேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

உடைந்த இரும்பின் முகத்தில்தான் எல்லாம் இருக்கும் அத்தா. எந்த இடத்தில் கீறல் தொடங்கியது, மெதுவாக வளர்ந்ததா, ஒரே அடியில் போனதா என்று அதைப் பார்த்தே சொல்லலாம். நீங்கள் புளி போட்டுத் தேய்த்ததில் ஒன்றும் மிச்சமில்லை. என் முகம்தான் தெரிகிறது.

ஆனால் ஓர் உடைப்புக்கு ரெண்டு முகம். ஒன்று இங்கே என் மேசையில். மற்றது தேக்சாவிலேயே, கொக்கி முறிந்த அடியில் இருக்கும். தயவுசெய்து அதைக் கழுவாதீர்கள். அம்மாவையும் புளியையும் கிட்டே விடாதீர்கள். காய்ந்த துணியால் மூடி, வெளிச்சத்தில் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

நீங்கள் கேட்ட ரெண்டு வரியை நான் எழுத முடியாது. பார்க்காததை எழுத எனக்குச் சொல்லித் தரவில்லை.

தேக்சாவைத் தூக்கும்போது அதற்கு முன்னால் ஏதாவது சத்தம் வந்ததா? யாராவது எதையாவது கவனித்துச் சொன்னார்களா? மாமா ஏதாவது சொன்னார்களா? அந்த மூலையில் நின்ற மாமாவுக்கு ஏதும் ஆகவில்லையே? நீங்கள் எழுதவே இல்லையே.

உங்கள்
பாஸிலா

*

பேகம்பூர்
8-10-2024

அன்பு மகளுக்கு ஸலாம். உன் கடுதாசி வந்தது. இங்கே நல்ல மழை. முட்டி பரவாயில்லை. எரியோட்டிலிருந்து வெங்காயம் வருவது குறைந்துபோச்சு, விலை கேட்டால் உரிக்காமலே கண்ணில் தண்ணி வருது.

புளியால் வந்த வினையை நினைத்து எனக்கே சிரிப்புத்தான். படிக்கிற காலத்தில் வாத்தியார் "எழுதினதை அழிக்காதேடா" என்று தலையில் குட்டுவார். இன்னும் திருந்தவில்லை.

தேக்சா கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கு. கழுவவில்லை, கவலைப்படாதே. படம் எடுக்கணும். என் போன் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு, எது எடுத்தாலும் நோன்புக் கஞ்சி மாதிரி விழுது. மழை விடட்டும், பார்க்கலாம்.

ரஃபி கால் ஆறி வருதாம்.

குளிர் வரப் போகுதே, கம்பளி இருக்கா?

அத்தா

*

ராஞ்சி
21-10-2024

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். கம்பளி இருக்கிறது. உடம்பு சுகம். மழையில் பைக் எடுக்காதீர்கள்.

இந்தக் கடிதத்தில் உங்களிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

சீக்கிரம் உடைந்த ஒரு துண்டைப் பற்றி எழுதியிருந்தேனே. உங்கள் கொக்கியை மேசையில் வைத்துக்கொண்டு, பார்க்காததை எழுத மாட்டேன் என்று உங்களுக்குப் பெரிய மனுஷி மாதிரி எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும்தான் உறைத்தது. அந்தத் துண்டை நான் எங்கே பார்த்தேன்? குப்பை டப்பாவில் போடாமல் கிளெமென்ட் அண்ணன்தான் ஒரு தாளில் சுற்றி எடுத்து வைத்திருந்தார். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். இரும்புக்குள்ளே, வார்க்கும்போதே விழுந்த ஒரு பொத்தல், ஒரு மணல் துகளில் பாதி இருக்கும். கீறல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. கோணலும் இல்லை, மாட்டியதில் தவறும் இல்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீ எழுதினதை நான் பார்த்தேன். அன்றையிலிருந்து ஒவ்வொரு துண்டையும் மாட்டிவிட்டு, கழற்றி, மறுபடி மாட்டுகிறேன். என் கை கெட்டுப்போச்சோ என்று பயமாக இருந்தது" என்றார். அவர் சொன்னது இந்தியில். எனக்கு அது தமிழில்தான் கேட்டது.

அந்தத் துண்டைக் கணக்கில் சேர்த்ததும் வரைபடத்தில் என் கோடு கீழே இறங்கிவிட்டது. இத்தனை இழுப்பு வரை நம்பலாம் என்று சொல்லியிருந்தேன், இனி அவ்வளவு சொல்ல முடியாது. கட்டுரை தள்ளிப்போகும். சாருக்கு வருத்தம், எனக்கும்தான். ஆனால் நான் போட்ட கோட்டை நம்பி யாராவது ஒரு பாலத்தில் வண்டி ஓட்டுவார்களே.

தவறைக் கிளெமென்ட் அண்ணன் மேல் எழுதுவது எனக்கு வசதியாக இருந்தது அத்தா. வேறு காரணமே இல்லை.

அம்மாவுக்கு என் ஸலாம்.

உங்கள்
பாஸிலா

*

பேகம்பூர்
24-11-2024

அன்பு மகளுக்கு அத்தாவின் ஸலாம்.

உன் கடுதாசி வந்து ஒரு மாசம் ஆச்சு. பதில் எழுத உட்கார்வேன், வெங்காய விலையைத் தவிர ஒன்றும் வராது. கிழித்துப் போடுவேன். உங்கம்மா, "பரீட்சையா எழுதுறீங்க?" என்கிறாள். உப்பு போடுகிறாள் இப்போது, பேச்சுத்தான் இல்லை.

நேற்று தார்ப்பாயை எடுத்தேன்.

நல்ல வெயில். முட்டியை மடக்கி உட்கார்ந்து, கொக்கி முறிந்த அடியைப் பார்த்தேன். பெருவிரல் அகலம் இருக்கும் அந்த முகம். அதில் முக்கால்வாசி கறுப்பு. கறுப்புக்குள் வரிவரியாக, கடல் மணலில் அலை விட்டுப்போன மாதிரி வளைவுகள். வெளி ஓரம் கொஞ்சம் மஞ்சள் பாரித்திருந்தது. மிச்சம் கால்வாசிதான் சாம்பல் வெளுப்பாக, சொரசொரவென்று இருந்தது.

அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். நெய். பட்டை, கிராம்பு. என் மசாலா.

தம் உடைக்கும்போது ஓரத்தில் வழிகிற நெய் கொக்கி மேல்தான் இறங்கும், காலங்காலமாக அப்படித்தான். கீழே விழுந்த அன்றைக்கு உடைந்த இரும்பு என்றால், அதற்குள் அந்த நெய் போய்க் காய்ந்து கறுக்க எப்போது நேரம்? இதுக்கு ஒன்பதாம் வகுப்பே ஜாஸ்தி பாஸிலா. அந்தக் கீறல் எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கு. நான் வருஷா வருஷம் அதன் மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்திருக்கேன். மிச்சம் இருந்த அந்தக் கால்வாசிதான் அத்தனை பேர் சோற்றையும் தாங்கிக்கொண்டு இருந்திருக்கு.

நியாஸ் போனில் படம் எடுத்து இத்துடன் பிரிண்ட் வைத்திருக்கேன். குரூப்புக்குப் போகவில்லை, ரெண்டு தடவை பார்த்துவிட்டேன்.

ரஃபி இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறான். அங்கேயும் கொதிக்கிற சால்னாச் சட்டியைத் தூக்க விடுவதில்லையாம். அந்த வழியாகப் பைக்கில் போனேன். அவன் நிமிரவில்லை. நானும் ஹாரன் அடிக்கவில்லை.

மிச்சம் மூணு கொக்கி இருக்கு. அது எப்போது உடையும் என்று கணக்குப் போட்டுச் சொல்.

அத்தா

*

ராஞ்சி
6-12-2024

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். சுகமாக இருக்கிறேன். படத்தை லேபில் ஒட்டி வைத்திருக்கிறோம். நீங்கள் பார்த்ததைத்தான் நானும் பார்க்கிறேன், என் மூக்குக்கு அந்த வாசனை மட்டும் கிடைக்கவில்லை.

அந்த வளைவுகள் கீறல் தங்கித் தங்கிப் போன தடம். சீசனுக்குச் சீசன். தரையில் மோதி உடைந்தால் அப்படி வராது. கொக்கி போனதால்தான் மாமா கைக்குக் கம்பு நிற்கவில்லை.

மிச்சக் கொக்கிகள் எந்த நாளில் உடையும் என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. ஒரே கம்பியில் வெட்டிய துண்டுகளை ஒரே மெஷினில் மாட்டினாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் உடைகிறது. இதற்கு மேல் நம்பாதே என்று சொல்வதோடு என் படிப்பு நின்றுவிடும்.

ஆனால் கீறல் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொக்கியில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். கீறல் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெய் ஊறி வந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும். புதுக் கொக்கி செய்தால், அடியில் கூர்மையான மூலை வேண்டாம், உருண்டையாக வளைத்துச் செய்யச் சொல்லுங்கள். மேலே பெயிண்ட் வேண்டாம்.

நீங்கள் கேட்ட ரெண்டு வரியை இப்போது எழுதித் தரலாம். சார் கையெழுத்தும் போடுவார். கண்ணாடி போட்டு மாட்டலாம். ஆனால் அன்று நீங்கள் தாளில் எழுதிக் காட்டவில்லையே அத்தா, வாயால்தானே சொன்னீர்கள்.

உங்கள்
பாஸிலா

*

பேகம்பூர்
13-1-2025

அன்பு மகள் பாஸிலாவுக்கு அத்தாவின் ஸலாம். குளிர் எப்படி? நாளைக்குப் பொங்கல், தபால் ஆபீஸ் லீவு. இன்றைக்கே போட்டுவிடணும் என்று எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய்க்கு அலையாத இடமில்லை. கடைசியில் நியாஸ் பட்டறையில் ஒரு பாட்டில் அடியில் கொஞ்சம் இருந்தது. நீ சொன்ன மாதிரியே செய்தேன். ரெண்டு கொக்கியில் ஒன்றும் இல்லை. மூணாவதில், அதுவும் நான் எப்போதும் சாய்ந்து நிற்கிற பக்கம், வெள்ளைப் பொடியில் மையால் இழுத்த மாதிரி ஒரு கோடு மெல்ல மெல்ல வந்தது. நியாஸ் தலையில் கையை வைத்துக்கொண்டான். நாலையும் அறுத்தெடுத்துவிட்டு உருண்டை அடி வைத்த புதுக் கொக்கி போட்டாச்சு. பெயிண்ட் இல்லாமல் கறுப்பாகவே இருக்கு. மாப்பிள்ளைக் களை இல்லை, கொத்தனார் மாதிரி இருக்கு. சீசனுக்குச் சீசன் சாக்பீஸ் போட்டுப் பார்ப்பதாக உங்கம்மாவிடம் சத்தியம் செய்திருக்கேன்.

போன வாரம் போனை எடுத்தேன். அந்தப் பொத்தானை அமுக்கினேன். இந்தத் தடவை தெரிந்தே தெரு குரூப்பில் போட்டேன். "நான் இஷாக் பண்டாரி பேசுறேன். அன்னைக்குக் கல்யாணத்துல தேக்சா கவுந்தது ரஃபி கைய விட்டதால இல்ல. கொக்கி உள்ளுக்குள்ள எப்பவோ செத்துப்போச்சு. அதுக்குப் பெயிண்ட் அடிச்சது நான். அவனைக் குத்தம் சொன்னதும் நான். இனி எவனாவது அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா என் பந்தியில அவனுக்கு இலை கிடையாது." அமுக்கிவிட்டுப் போனைத் தூரமாக வைத்துவிட்டேன், வெடிக்கும் போல இருந்தது. முதல் பதில் நியாஸிடமிருந்து வந்தது: "இந்தத் தடவை உப்பு சரியா இருக்கு பண்டாரி." உங்கம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ராத்திரி மீன் குழம்பு வைத்தாள். நல்லா இருந்தது.

மறுநாள் புரோட்டாக் கடைக்குப் போனேன். ரஃபி மாவைவிட்டு நிமிராமல், "இந்தக் கை மாவு பிசையத்தான் லாயக்காம் மச்சான்" என்றான். "ஏலே, புதுக் கொக்கி போட்டிருக்கு. வந்து பாத்துட்டு நம்பிக்கை இருந்தா தூக்கு, இல்லாட்டி வேணாம்" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்தான். கால் இன்னும் கொஞ்சம் இழுக்குது. கொக்கிகளைத் தட்டிப் பார்த்தான், குனிந்து அடியைத் தடவிப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.

நேற்றுத்தான் அந்தக் கல்யாணம். தேக்சாவை இறக்கும்போது ரஃபியைச் சொல்லச் சொன்னேன். அவன் மூலையில், அனல் அடிக்கிற பக்கத்தில், நான் நின்றேன். ஒன்று தெரிந்துகொண்டேன் பாஸிலா: அங்கே நிற்கிறவனுக்குக் கண் எரியும், வேற எதையும் பார்க்க முடியாது. கம்பு சொல்கிறதைத்தான் கேட்க முடியும். ரஃபி "பிஸ்மில்லா" என்றான். தூக்கினோம். இறக்கினோம். ஒரு பருக்கை சிந்தவில்லை.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு ரெண்டு பேரும் தேக்சாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "இப்ப முனங்கலை மச்சான்" என்றான். அவனே மறுபடி, "அன்னைக்கு நான் சொன்னப்ப அடுப்புச் சத்தத்துல அந்த முனங்கல் உங்களுக்குக் கேட்டிருக்காது, விடுங்க" என்றான்.

நான் ஒரு தட்டில் கறியும் சோறும் வைத்து அவன் கையில் கொடுத்தேன். "சாப்பிடு மாப்ளே, ஆறிரும்" என்றேன்.

அம்மா உனக்கு ஸலாம் சொல்கிறாள். கிளெமென்டுக்கு என் ஸலாம் சொல். இந்தப் பக்கம் வந்தால் என் கையால் ஒரு தட்டுப் போடுகிறேன் என்று சொல்.

துஆவுடன்
அத்தா

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். மாமா முன்னால் ஏதாவது சொன்னார்களா என்று நீ மழைக்காலத்தில் கேட்டிருந்தாய், நான் வெங்காய விலை எழுதினேன். நேற்று அவனே எனக்கு அடுப்புச் சத்தத்தைச் சாக்காக எடுத்துக் கொடுத்தான், நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். குரூப்பில் ஊருக்கே சொன்னவன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் வாய்விட்டுச் சொல்லாதது அந்த ஒன்றுதான்.

எனக்கும் கேட்டுச்சு மாப்ளே.